எட்டுப் போட்டவருக்கு எதற்கு எல் போர்டு?

சென்னையில் பத்து வருடம் கார் ஓட்டியவர் லண்டனுக்குப் போகிறார். அங்கேயும் வண்டிகள் இடது பக்கம்தான் போகின்றன, ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். "இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் தோன்றும்.

பிரிட்டனும் அவரை நம்புகிறது... ஒரு வருடத்துக்கு மட்டும்! குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். அதன்பின் தற்காலிக லைசென்ஸ் வாங்கி, எல் போர்டு மாட்டி, புதிதாய்க் கற்பவரைப் போலவே தேர்வு எழுத வேண்டும். கெடு முடிந்தும் பழைய லைசென்ஸில் தனியாக ஓட்டி மாட்டினால், இன்சூரன்ஸ் கை கொடுக்காது. போலீஸ் காரையே பறிமுதல் செய்யலாம்.

எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் வீடியோ தேர்வில் 75க்கு 44 மதிப்பெண் வேண்டும். ஒரு காலத்தில் கேள்விகளைத் தமிழ்க் குரலில் கேட்கும் வசதி கூட இருந்தது. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து, சுமார் 40 நிமிடம் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். சின்னத் தவறுகள் 15 வரை மன்னிக்கப்படும். பெரிய தவறு ஒன்று போதும், தோல்விதான். இந்தத் தேர்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்கிறார்கள். அனுபவசாலிகளும் இதற்கு விலக்கல்ல. அவர்களுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. கண்ணாடி பார்க்காமல் திரும்புவது, சந்திப்பில் இரு பக்கமும் பார்க்காமல் நுழைவது, ஹாரனை நம்பியே ஓட்டுவது என்று பழக்கதோஷம்தான் காலை வாருகிறது.

இப்படிப்பட்டவர் டிரைவிங் ஸ்கூல் தேடும்போது இரண்டே கேள்விகள் கேட்கிறார். மணிக்கு எவ்வளவு? எத்தனை வகுப்பில் முடியும்? இரண்டுமே தவறான கேள்விகள். முதலில் பார்க்க வேண்டியது கார் முன்கண்ணாடியில் இருக்கும் பேட்ஜ். பச்சை எண்கோணம் என்றால் முழுத் தகுதி பெற்ற ஆசிரியர். இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் அவரே இன்னும் பயிற்சியில் இருப்பவர். அவரிடம் கற்பது சட்டப்படி சரிதான், ஆனால் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சீக்கிரம் முடிகிறதே என்று ஆட்டோமேட்டிக்கில் தேர்ச்சி பெற்றால், கியர் வண்டியைத் தனியாக ஓட்ட முடியாது. இதையும் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

தமிழ் பேசும் ஆசிரியர் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் "உங்களுக்குத் தெரியாததா அண்ணே" என்று மரியாதைக்காகத் தவறை விழுங்குபவர் வேண்டாம். முதல் வகுப்பிலேயே முகத்துக்கு நேராகக் குறை சொல்பவர்தான் காசுக்கு மதிப்பானவர். மணிக்கு ஐந்து பவுண்ட் மிச்சம் பிடித்து இரண்டு முறை தோற்றால் லாபம் எங்கே?

இன்னொன்று, தேர்வுக்கு நாள் கிடைக்கவே பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பதினோராவது மாதத்தில் விழித்துக்கொண்டால் பஸ்தான் கதி. போய் இறங்கிய இரண்டாவது மாதமே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். எல் போர்டு மாட்டுவதில் அவமானம் ஒன்றுமில்லை!