சோம்பேறி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

சிவாலய ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற குமரி மாவட்டத்துக்காரன் மற்ற நாட்களில் அரைமணி நேரம் நடக்க மாட்டேன் என்கிறான். அவனுக்குக் காலில் குறையில்லை, வைராக்கியம்தான் இல்லை, சுத்தச் சோம்பேறி. நாகர்கோவில் பக்கம் உடல்நலம் பற்றிப் பேச மேடை கிடைத்தால் போதும், இந்த வாதம் வந்துவிடுகிறது. கைதட்டலும் விழுகிறது. வாதம் முழுத் தவறு. நடக்கத் தொடங்கியவனையும் அது வீட்டில் உட்கார வைக்கிறது.

அந்த ஓட்டத்தை ஒழுங்காகப் பார்த்தவர் இப்படிப் பேசமாட்டார். மகா சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே மாலை போட்டு விரதம் தொடங்கிவிடும். முஞ்சிறை திருமலையில் புறப்பட்டால் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு கோயில், முடிவு திருநட்டாலம். நாளும் குறித்தது, வழியும் குறித்தது. கையில் பனையோலை விசிறி. முன்னால் போகிறவர் ‘கோவிந்தா’ என்றால் பின்னால் வருகிறவர் ‘கோபாலா’ என்கிறார். வழிநெடுகப் பானகம், மோர், சுக்குநீர், கஞ்சி. கால் தளர்ந்து ஒருவர் உட்கார்ந்தால் கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போவதில்லை. இதில் தனியாளின் வைராக்கியம் எவ்வளவு? ஊரே சேர்ந்துதான் ஓடவைக்கிறது. நீங்கள் கூட்டிவந்த சாட்சி உங்களுக்கு எதிராகவே பேசுகிறது.

அடிமுறை என்னும் தற்காப்புக் கலையின் களரியிலும் இதே கதைதான். ஒற்றைச்சுவடுப் பயிற்சியைச் சலிக்காமல் மறுபடி மறுபடி செய்யவைப்பது பையனின் மனவலிமை மட்டுமல்ல. “நேத்து எங்க போனலே?” என்று கேட்க அங்கே ஓர் ஆசான் நிற்கிறார்.

அப்புறம் அந்த 21 நாள் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு 21 நாள் செய்தால் பழகிவிடுமாம், ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சாம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. மாறிய முகம் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். உடற்பயிற்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நட்டம் எதுவும் வரவில்லை. இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. இடவப்பாதி மழையில் இரண்டு நாள் விட்டவனிடம் ‘உன் கதை முடிந்தது’ என்று சொன்னால் மூன்றாம் நாள் அவன் ஏன் வெளியே வரப்போகிறான்?

அரசே எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைத்துக் கொடுத்தும் வருவதில்லையே என்கிறீர்கள். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் எட்டுக் கிலோமீட்டர் நடக்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பகல் முழுக்கக் குந்தியிருந்து அண்டி தல்லிவிட்டு, முந்திரிப்பால் பட்டுக் கறுத்த விரல்களோடு வந்து அடுப்பு மூட்டுகிற பெண்ணுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை யார் கொடுப்பது? அவளைச் சோம்பேறி என்று சொல்ல எப்படி வாய் வந்தது? வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு போதும், அதைத் துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்குதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியோடு பத்து நிமிடம் நடந்தாலே அவளுக்கு அது தொடக்கம். மேடையில் இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

அந்தப் பத்து நிமிடத்துக்கும் இடம் வேண்டும். அவள் ஊரில் தெருவிளக்கு இல்லை, நடைபாதை இல்லை, வெள்ளனே கனிமவள லாரி தோளை உரசுகிற மாதிரிப் போகிறது. அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்ததும் அந்த விளக்கையும் நடைபாதையையும் கேளுங்கள். அதைக் கேட்க மனமில்லாதவர் அவளுடைய வைராக்கியத்தை அளக்க வரவேண்டாம்.