எல்லா ஆர்.சி.சி.பி.யும் ஒண்ணு இல்லை அண்ணாச்சி!

காமர்ஸ்காரனுக்குக் கரண்ட் எதுக்குன்னு கேக்காதீங்க மக்களே, இது கணக்கு விஷயம்தான்.

நம்ம ராஜபாளையத்துல புது வீட்டு டைல்ஸுக்கு அள்ளி விடுறவங்க, ஷாக்ல இருந்து காப்பாத்துற ஆர்.சி.சி.பி.யை மட்டும் சல்லிசா தேடுறாங்க. (எம்.சி.பி. இருக்கேங்கறீங்களா? அது வயரைக் காப்பாத்தும், உங்களை இல்லை.)

சல்லிசா கிடைக்கிறது 'ஏசி' ரகம். குளிர்சாதனம் இல்லீங்க, ஏசி கசிவை மட்டும் பிடிக்கிற ரகம்! இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் பழுதானா கசிவுல டிசியும் கலக்கலாம். அப்போ 30 மில்லி ஆம்பியர் தாண்டியும் இது ட்ரிப் ஆகாம இருக்கலாம். 'ஏ' ரகம் துடிப்பான டிசியையும் பிடிக்கும். ஆஸ்திரேலியாவுல 2023-லேயே புது வயரிங்குக்கு ஏசி ரகம் கூடாதுன்னுட்டாங்க. இங்கே கடையில "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ங்கிறாங்க.

முகப்பைப் பாருங்க: நெளிகோடு மட்டும்னா ஏசி, அதுக்குக் கீழே பாதி அலைகளும் இருந்தா ஏ.