காணாமற் போனவரைத் தேடுதல்



மகன் யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அந்த நிலையிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, போய்த் தேடும்படியே ஏவினார்கள். அழுவதும் தேடுவதும் பொறுமைக்கு மாற்றமல்ல.

நம் பதுளை மாவட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. நாட்கணக்கில் தோண்டியும் பலருடைய உடல் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் போய், "இனி என்ன தேடுறது?" என்று கேட்க நாவு எப்படித்தான் வருகிறதோ!

புருஷன் யுத்தத்தில் காணாமற் போன பெண்ணின் பாடு இன்னும் கடினம். ஊரார் பேச்சுக்காக அவளை இத்தாவில் இருத்துவது தவறு. உமர் (ரழி) அவர்கள், நான்கு வருடம் காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தால் மறுமணம் செய்யலாம் எனத் தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அதையே எடுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய சொல்லோ, மவுத்து உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது. இப்படிக் கருத்து வேறுபாடுள்ள விஷயத்தை அடுத்த வீட்டு மாமியிடம் அல்ல, காதியாரிடமே கேட்க வேண்டும்.

மரணச் சான்றிதழ் வாங்க மனம் இடங்கொடாவிட்டால், யுத்தத்தில் காணாமற் போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி வேறொரு சான்றிதழ் உண்டு. ஆள் காணக் கிடைக்கவில்லை என்று மட்டுமே அது சொல்லும். அதை வைத்து உதவிப்பணம் கேட்கலாம், சொத்தைப் பராமரிக்கலாம். தேடலையும் விட வேண்டியதில்லை.