வேண்டாம் என்றால் வேண்டாம்!

சோப்பு ஒன்று, துவரம் பருப்பு ஒரு கிலோ, பற்பசை ஒன்று. தோழர்களே, நான் வாங்கப் போனது இவ்வளவுதான்!

தட்டாஞ்சாவடியில் ஒரு பெரிய கடை. பெயர் எதற்கு? கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் உள்ள கடைகள் பலவற்றில் இதே கதைதான். அன்று சம்பள நாள். தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று பொருளையும் கல்லாவில் வைத்தேன். என்ன விலை என்று நான் கேட்குமுன் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கிளம்பிற்று.

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

"பருப்புக்கு எதற்கம்மா போன் நம்பர்? வேண்டாம்."

"மெம்பர் கார்டு போட்டுக்கிறீங்களா? இருநூறு ரூபாய்தான்."

"வேண்டாம்."

"இன்னும் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினா சர்க்கரை பாதி விலை சார்."

"வேண்டாம்."

"இந்தச் சாக்லேட் இன்னைக்கு மட்டும் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

"வேண்டாம் அம்மா!"

"பை வேணுமா சார்? பன்னிரண்டு ரூபாய்."

வாங்கியது மூன்று, மறுத்தது ஐந்து! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமக்காத சுமைக்கும் கூலி கேட்கிறார்கள்!

தெருமுனை மளிகைக் கடையை மறந்துவிட்டோமா? பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிய கையோடு, கூட வந்த குழந்தையின் கையில் ஒரு துண்டு வெல்லம் வைப்பார் கடைக்காரர். காய்கறிக்காரம்மா கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூடையில் போடுவார். அதற்குப் பெயர் கொசுறு! அந்தக் கடையிலும் எடையில் ஏய்த்தவர் உண்டு. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால், வாங்கி முடித்த பிறகு வருவது நமக்குக் கிடைப்பதாக இருந்தது. இன்று வாங்கி முடித்த பிறகு வருவது நம்மிடமிருந்து பறிப்பதாக இருக்கிறது. கொசுறு கொடுத்த கை, கொசுறு கேட்கும் கையாகிவிட்டது!

ஏன் கல்லாவில் வந்து கேட்கிறார்கள்? அலமாரிக்குப் பக்கத்தில் கேட்டால் நாம் நகர்ந்துவிடுவோம். கல்லாவில் நகர முடியாது. பொருள் அவர்கள் பக்கம், பணம் நம் கையில், பின்னால் பத்துப் பேர். "இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு யோசனையா?" என்று பின்னால் நிற்பவர் நினைப்பாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத்தான் விலை போடுகிறார்கள். பணக்காரன் இருநூறை வீசிவிட்டுப் போவான். ஏழையின் மானம் ஏலத்துக்கு வருகிறது!

என் பின்னால் நின்ற தோழர் பொறுமை இழந்தார். "ஏம்மா! வேண்டாம்னா விட மாட்டியா? அறிவில்லை?" என்று அதட்டினார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிற்று. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கேட்காம விட்டா எங்களைத் திட்டுவாங்க அண்ணா. இன்னைக்குப் பத்து கார்டு போடணும். ரெண்டுதான் ஆயிருக்கு. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

தோழர் வாயடைத்து நின்றார். நானும்தான்!

யாரை அதட்டினோம்? நம் வீட்டுப் பெண்ணை. அட்டையின் இலாபம் அவள் வீட்டுக்கா போகிறது? அம்பு அவள், எய்தவன் குளிர் அறையில் கணக்குப் புத்தகத்துடன் இருக்கிறான். அம்பை நொந்து ஆவதென்ன?

எய்தவன் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. வெல்ஸ் ஃபார்கோ என்ற பெரிய வங்கி, வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தன்னிடம் எட்டுக் கணக்குகளும் சேவைகளும் வைத்திருக்க வேண்டும் என்று குறி வைத்தது. குறி எட்டாத ஊழியருக்கு வேலை நிலைக்காது. விளைவு? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இலட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். ஆனால் வேலை இழந்தவர்கள் யார்? ஏறத்தாழ 5,300 ஊழியர்கள்! குறி வைத்தது மேலிடம். குறிக்கு இரையானது கீழிடம்!

அங்கே எட்டுக் கணக்கு. நம் புதுவைக்கும் ஓர் எட்டு உண்டு. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர், 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மறு ஆண்டே அந்த உரிமை சட்டமாயிற்று. அந்த மண்ணில், காலை முதல் நின்றுகொண்டே அட்டை விற்கிறாள் ஒரு பெண்! கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டுமென்று கேரளம் 2018-இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் திருத்தியது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட உலகம் இது!

"கேட்பது குற்றமா? விளம்பரமின்றி வணிகம் நடக்குமா?" என்பார்கள் கடை முதலாளிகள். கேளுங்கள், ஒருமுறை கேளுங்கள், தடுப்பார் இல்லை. கேட்பது வேறு, நெருக்குவது வேறு. அந்த வேறுபாட்டைச் சட்டமே சொல்கிறது. ஒன்றை வாங்க வேண்டுமானால் மற்றொன்றையும் வாங்கியாக வேண்டும் என்பதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது. யூரியா கேட்கும் உழவரிடம் வேறொரு புட்டியையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுவரும் உழவரைக் கேட்டுப் பாருங்கள், அந்த வேதனையைச் சொல்வார்.

போன் நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. முன்கூட்டி அறிவிக்காமல், கல்லாவுக்கு வந்த பிறகு பைக்குக் காசு கேட்பது நேர்மையற்ற வணிகம் என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, மறுப்பவரை வெட்கப்படுத்துவது உள்ளிட்ட 13 தந்திரங்களுக்கு, இணைய வணிகத்தை முன்னிட்டு 2023 நவம்பரில் தடை வந்தது. கைபேசித் திரையில் தவறென்றால் கல்லாவில் மட்டும் சரியாகிவிடுமா?

ஆகவே, தோழர்களே! வேண்டாம் என்று சொல்லக் கூசாதீர்கள். பின்னால் நிற்பவரும் நம்மைப் போன்றவர்தான். நீங்கள் சொன்னால் அவருக்கும் துணிவு வரும். நம்பர் தர விருப்பமில்லையா? தராதீர்கள்; பில்லை மட்டும் கேட்டு வாங்குங்கள். கேட்காத பொருள் பில்லில் ஏறினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். வழக்கென்று வந்தால், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் சீறாதீர்கள். அவளுக்குச் சங்கம் வேண்டும், இருக்கை வேண்டும், அட்டைக் கணக்கில்லாத சம்பளம் வேண்டும். அவற்றைக் கேட்கும் நாளில் அவள் பக்கம் நில்லுங்கள்.

அன்று நான் வெளியே வரும்போது, அதட்டிய தோழர் தன் பொருள்களைக் கல்லாவில் வைத்தார். "கேளும்மா, உன் அஞ்சு கேள்வியையும் கேட்டுடு. அஞ்சுக்கும் வேண்டாம்தான். உன் மேல கோபமில்லை" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

அந்தக் கோபம் போக வேண்டிய இடம் வேறு. அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை!