பெருங்குடல் பொலிப்: முதலில் பயிற்சி, பிறகு கருவி

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பொலிப்புகள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. சில எந்தத் தீங்கும் செய்யாமல் இருந்துவிடும். அடினோமா எனப்படும் வகை பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும். அடினோமாக்களை வெட்டி அகற்றியவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் மரணம் எதிர்பார்த்ததைவிட 53 சதவீதம் குறைந்திருந்ததை அமெரிக்காவின் தேசிய பொலிப் ஆய்வு 2012இல் வெளியிட்டது. அதனால் சண்டிலிப்பாயிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொலனோஸ்கோபிக்காகப் போகும் ஒருவருக்கு, தன் குடலில் கண்ட முளை எந்த வகை என்பது உயிர்ப் பிரச்சினை. அதைச் சரியாகச் சொல்ல விலையுயர்ந்த புதிய கமெராதான் முதல் தேவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. முதல் தேவை பயிற்சியும் இடைவிடாத சரிபார்ப்பும் என்பதே என் வாதம்.

முறைகளை ஒப்பிட்டால் இது விளங்கும். ஜப்பானிய வைத்தியர் ஷின்-எய் குடோ, சாயம் தெளித்து உருப்பெருக்கிப் பார்த்து, பொலிப்பின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளின் வடிவத்தைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தினார். அது நுட்பமானது, ஆனால் நேரமும் தனிக்கருவியும் கேட்பது. பின்னர் வந்த குறும்பட்டை ஒளிமுறைக்குச் சாயம் வேண்டாம். அதில் 415, 540 நனோமீற்றர் அலைநீள ஒளியைக் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் இரத்த நாளங்கள் எடுப்பாகத் தெரியும். அந்த ஒளியில் நிறம், நாளம், மேற்பரப்பு மூன்றையும் பார்த்து மூன்று வகையாகப் பிரிப்பது ‘நைஸ்’ வகைப்பாடு; அதற்கு உருப்பெருக்கி தேவையில்லை. ஜப்பானின் ‘ஜேநெட்’ நான்காகப் பிரித்து, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதையும் கணிக்க முயல்கிறது. அதற்கு உருப்பெருக்கி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம் இருக்கிறது. ஆனால் எதுவும் பார்ப்பவரின் தேர்ச்சியை மிஞ்சாது.

இதற்குச் சான்று பிரித்தானியாவின் ‘டிஸ்கார்ட் 2’ ஆய்வு. சிறப்பு நிலையங்களில் நல்ல பெறுபேறு தந்த குறும்பட்டை ஒளிமுறை, சாதாரண பொது வைத்தியசாலைகளில் அடினோமா உள்ள நோயாளரில் ஏறத்தாழ 83 சதவீதத்தினரையே இனங்கண்டது. அன்றாட நடைமுறைக்கு இதை இன்னும் பரிந்துரைக்க முடியாது என்பதே 2017இல் வெளியான அதன் முடிவு. கருவி ஒன்றுதான், கைகளும் கண்களும் மாறியபோது முடிவும் மாறியது.

ஐந்து மில்லிமீற்றருக்கு உட்பட்ட பொலிப்பில் புற்று இருப்பது மிக அரிது, பிறகு ஏன் ஒவ்வொன்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பணத்தையும் நாளையும் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பார்த்தே முடிவுசெய்து, வெட்டியதை வீசிவிடும் நிலை ஒரு நாள் இங்கும் வரவேண்டும். ஆனால் தட்டையாகப் பரவி, வலப்பக்கக் குடலில் சளி மூடிக் கிடக்கும் செரேற்றட் வகைப் பொலிப்புக்கு நைஸ் வகைப்பாட்டில் தனி இடமே இல்லை. பாதிப்பற்ற முளைபோலத் தோன்றும் அதிலிருந்தும் புற்றுநோய் வரலாம். சரிபார்க்காத நம்பிக்கைக்கு நோயாளி விலை கொடுக்கக்கூடாது.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை என்பது இன்னொரு மறுப்பு. நான் கேட்பவற்றுக்குப் பெரும்பணம் வேண்டாம். குடல் நன்கு சுத்தமாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு பொலிப்பையும் படமெடுக்க வேண்டும். ஆய்வுகூட அறிக்கை வருமுன்னரே வைத்தியர் தன் கணிப்பை எழுதிவைக்க வேண்டும். மாதந்தோறும் இரண்டையும் ஒப்பிட வேண்டும். சண்டிலிப்பாயை அடுத்த மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நம்மவர்களை வைத்தியராக்கினார். ஆட்களைப் பயிற்றுவிப்பதில்தான் இங்கு நவீன மருத்துவம் வேர்விட்டது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் இந்த ஒப்பீட்டுப் பதிவை இப்போதே தொடங்கட்டும். நம் வைத்தியர்களின் கணிப்பு எவ்வளவு சரி என்பதை நம் சொந்த எண்கள் காட்டிய பிறகு, எந்தக் கமெரா வாங்குவது என்பதை முடிவுசெய்யலாம்.