சார்லஸ் ‘அரசன்’ ஆன கதை

ரஷ்யருக்கு அரசன் ‘கோரோல்’. போலந்துக்காரருக்கு ‘க்ருல்’. செர்பியருக்கு ‘க்ரால்’. மூன்றுக்கும் தாயாக மொழியியலாளர் முன்வைக்கும் ஆதி ஸ்லாவியச் சொல் ‘*கோர்லி’. அந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எந்த ஏட்டிலும் இல்லை. முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறி அதை ஒளிக்காமல் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர் நிலைநிறுத்திய வழக்கம் அது.

எழுத்தில் இல்லாததைக் கற்பனை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், இந்தக் கற்பனையைச் சோதித்துப் பார்க்க முடியும்.

கோட்டைக்கும் நகருக்கும் உரிய ‘*கோர்து’ என்ற சொல்லைப் பாருங்கள். ரஷ்யத்தில் அது ‘கோரோத்’, போலிஷில் ‘க்ருத்’, செர்பியத்தில் ‘க்ராத்’. நோவ்கோரோத், பெல்கிரேட் ஆகிய ஊர்ப்பெயர்களின் பின்பாதி அதுவே. ரகரத்தின் இருபுறமும் உயிரொலி வைத்தது ரஷ்யம். ரகரத்தை முன்னே தள்ளியவை மற்ற இரண்டும். அரசனுக்கும் நகருக்கும் ஒரே விதி என்றால், தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

இலக்கணமும் துணைக்கு வருகிறது. ‘*கோர்லி’ ஆண்பால் பெயர். ஈற்று இகரம் குற்றியலிகரம் போலக் குறுகியது. ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண்கள். விளி உட்பட ஏழு வேற்றுமைகள். அண்ணச்சாயல் பெற்ற மெய்யை ஈற்றில் கொண்டதால் அதன் விளி வடிவம் ‘*கோர்ல்யு’. இன்றும் செர்பியர் அரசனை ‘க்ரால்யு’ என்றே விளிக்கிறார்கள்.

சொல்லின் பிறப்புதான் சுவையானது. பெரும்பாலோர் கருத்துப்படி, இது பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் ‘கார்ல்’ (ஆங்கிலத்தில் சார்லஸ்) என்ற பெயர். 768இல் அரியணை ஏறி, 800இல் ரோமில் முடிசூடி, 814இல் மறைந்தவர். அவார் என்ற மக்களை முறியடித்து ஸ்லாவிய நிலங்களின் எல்லை வரை அதிகாரம் செலுத்தியவர். சீசரின் பெயர் ‘ஜார்’ ஆனதுபோல, இவர் பெயரும் பட்டமாயிற்று. அப்படியானால், ரகரம் இடம்மாறியது அவர் காலத்துக்கு முன்பாக இருக்க முடியாது.

இங்கே மட்டும் நிதானம் தேவை. சார்லமேனை வைத்து ஒலிமாற்றத்துக்குக் காலம் குறித்துவிட்டு, அந்தக் காலத்தையே காட்டி அவரை மூலமாக்கினால் அது செக்குமாட்டுச் சுற்று. ‘*கோர்லி’ என்ற வடிவம் ஒலிவிதியின் பலத்தில் தனியே நிற்கிறது. சார்லமேன் தொடர்பு வலுவான ஊகம். பாடநூல்களும் அகராதிகளும் இரண்டையும் ஒரே உறுதியோடு அச்சிடுவதை நிறுத்த வேண்டும்.