கோப்பையும் சுன்னத்தும்

ஒரே கண்ணாடிக் கோப்பை இன்று இரண்டு பெயர்களில் விலைபோகிறது. அழகு நிலையத்தார் அதனைச் சீன தேசத்துப் பழஞ்சிகிச்சை என்கின்றனர். மதுரை மாநகரிலும் மேலூர், திருமங்கலம் வட்டாரங்களிலும் நம் மஹல்லாக்களில் அதற்குச் 'சுன்னத்தான ஹிஜாமா' என்று பெயர். சரக்கு ஒன்று, முத்திரை மட்டும் வாங்குவோர்க்கேற்ப மாறுகிறது. இந்த முத்திரை வாணிபத்தையே நாம் கண்டிக்கிறோம்.

இம்முறை எந்த ஒரு நாட்டின் தனிச்சொத்தும் அன்று. விலங்கின் கொம்பை வைத்து உறிஞ்சும் முறையைச் சீனத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் குறித்து வைத்தார். கிரேக்க வைத்தியரும் இதனை அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதை கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை என மூன்றையும் சொல்கிறது. நம் சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவங்களில் உறிஞ்சலும் குருதி வாங்கலும் அடங்கும். அரபு மக்களிடையே இது இஸ்லாத்திற்கு முன்பே வழங்கியது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் செவ்வட்டங்களைக் கண்டபின் உலகமே இதன்பால் திரும்பியது.

அவ்வட்டங்கள் உடம்பின் நஞ்சு வெளியேறிய அடையாளமா? இல்லை. உறிஞ்சும் விசையால் தோலடியிலுள்ள நுண்குழாய்கள் உடைந்து இரத்தம் கசிவதால் ஏற்படும் கன்றல் அது. கீறிய இடத்திலிருந்து கோப்பையில் வடிந்து உறையும் கருஞ்சிவப்பு இரத்தமும் 'கெட்ட இரத்தம்' அன்று. தோலடியில் ஓடும் இரத்தம் தேங்கி உறைந்தால் அந்நிறமே கொள்ளும். உடம்பின் கழிவை அகற்றும் பணியை அல்லாஹ் ஈரலுக்கும் சிறுநீரகத்திற்கும் தந்திருக்கிறான். கழுத்துவலி, முதுகுவலிக்குச் சிலநாள் ஆறுதல் கிடைக்கலாம் எனச் சில ஆய்வுகள் சொல்வதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் கோப்பையால் தீரும் என்பதற்குச் சான்று ஏது?

“நபிவழியையே மறுக்கிறீர்களா?” என்று சிலர் சினக்கக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டார்கள். தேனோடு சேர்த்து அதனைச் சிறப்பித்தும் சொன்னார்கள். இதில் நமக்கு ஐயமில்லை. அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று ஏவினார்கள். ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது, தகீஃப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகச் சொன்னார்கள். மருத்துவம் அறியாமலே மருத்துவம் செய்பவன், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்து அபூதாவூதில் இருக்கிறது. இந்த ஹதீஸை விளம்பரத் தட்டியில் எழுதியவர் எவரேனும் உண்டா? தேர்ந்தவனை நாடுவதும் சுன்னத்தே அல்லவா?

இன்னொன்றும் கேட்போம். தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களில் கத்தியும் கொம்பும் பிடித்தவர் ஒஸ்தாமார். அவர்களைச் சம்பந்தம் பேசவும் தகாதவரெனத் தள்ளி வைத்தோம். அதே தொழில் வெள்ளைச் சட்டை அணிந்து வந்ததும் கைலாகு கொடுத்து வரவேற்கிறோம். தமக்கு ஹிஜாமா செய்த அபூதைபா என்ற அடிமைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூலி தந்ததுடன், அவருடைய எசமானர்களிடம் பேசி அவர் செலுத்தவேண்டிய வரியையும் குறைக்கச் செய்தார்கள். கோப்பையை எடுத்துக்கொண்ட நாம், இந்தப் பரிவை ஏன் விட்டுவிட்டோம்?

ஹிஜாமாவுக்கு முறையான கல்வி உண்டு. யூனானி மருத்துவத்தில் அது ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பட்டப்படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு பயிற்சி. சிலநாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றவரிடம் முதுகைக் காட்டுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒருவருக்குப் பயன்பட்ட கத்தியோ கோப்பையோ மற்றொருவர் மேல் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றக்கூடும். இரத்தசோகை உடையோர், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் ஆகியோருக்குக் கீறல் பேராபத்து. யாவற்றினும் கொடியது, கோப்பையை நம்பி மாத்திரையை நிறுத்துவது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கும் சர்க்கரை மருந்தை விட்டுவிட்டுப் பணம் கொடுத்துப் புண்ணை வாங்குவது எந்த மார்க்கம்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் இது. பிறை 17, 19, 21 என்று நாள் குறித்துப் பள்ளிவாசல் வளாகத்தில் முகாம் கேட்டு வருவோரிடம், பதிவு பெற்ற மருத்துவர் யார், ஆளுக்கொரு புதுக் கத்தியும் கோப்பையும் உண்டா, இரத்தம் தோய்ந்த பஞ்சை 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிப்படி அகற்றுவீர்களா என்று கேளுங்கள். விடையில்லையேல் இடமும் இல்லை எனச் சொல்லுங்கள். சுன்னத்தின் பெயரால் ஓர் உயிர் கெடுமானால், அப்பெயரை எழுதியவரோடு இடங்கொடுத்த நாமும் இறைவன் முன் பதில் சொல்லியாக வேண்டும்.